மாடி அறைக்கு நீ கொடுத்த பாயிண்ட் லிஸ்ட்

கருமாரி துணை

அயனம்பாக்கம்
6.8.2025, புதன்கிழமை

அன்பு மகள் யுவராணிக்கு அம்மா எழுதுவது. திருவேற்காட்டாள் தயவில் இங்கே நானும் உங்கப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அங்கே நீ நலமா? எல்லோரும் வழக்கத்துக்கு எழுதுகிற மாதிரி எழுதவில்லை, பதில் வேண்டித்தான் கேட்கிறேன். ஃபோன் இருக்கும்போது இது என்ன கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நான் ஒன்று கேட்டால் டவர் இல்லை என்கிறாய், மீட்டிங் என்கிறாய், காகிதத்துக்கு டவர் வேண்டாம் பார். எதிர்வீட்டு முகமது ஆசிக் லீவு முடிந்து சனிக்கிழமை டப்ளினுக்குத் திரும்புகிறான், அவனிடம் சாம்பார் பொடியோடு இந்தக் கவரையும் கொடுத்து அனுப்புகிறேன். நாலு பக்கமும் பசை தடவி ஒட்டியிருக்கிறேன், பிரிந்திருந்தால் சொல். நல்ல பையன்தான், ஆனாலும் சொல்.

ஒயரிங் வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. முதலிலிருந்தே எழுதுகிறேன், ஏனென்றால் முதலிலிருந்தே எனக்குச் சந்தேகம். மே மாதம் ஏசியும் மோட்டாரும் ஒன்றாக ஓடி மெயின் போர்டு கருகியபோது, ஸ்விட்சை மட்டும் மாற்றுங்கள் போதும் என்று சொன்னவள் நீதான். ஜூன் கடைசியில் திடீரென்று வீடு முழுக்கப் புது ஒயர், மூன்று ஃபேஸ், ஸ்விட்செல்லாம் வைக்கிற புது டி.பி. பாக்ஸ், எர்த் குழி என்று அப்பாவிடம் அடுக்கினாய். ஆளையும் அங்கிருந்தே நீயே பிடித்துக் கொடுத்தாய். ஆடி மாதம் வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்று நான் சொன்னதற்கு, இல்லை, ஆவணிக்குள் முடிந்தாக வேண்டும் என்றாய். ஆடியில் புதுத் துடைப்பம் வாங்கக்கூட நான் யோசிப்பேன் என்பது உனக்குத் தெரியும். முப்பது வருஷமாகத் தாங்கிய ஒயர் இன்னும் ஒன்றரை மாதம் தாங்காதா என்று அன்றைக்கே மனதில் ஒரு முள் உட்கார்ந்தது. கடைசியில் பதினெட்டாம் பெருக்கு அன்று நல்ல நாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, புது பாக்ஸுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து மாட்டச் சொன்னேன்.

நீ அனுப்பிய பால்ராஜ் வானகரத்து ஆள். வந்த அன்றே பழைய போர்டைக் கழற்றி ஒயரை இழுத்துக் காட்டினான், மேலே இருந்த ரப்பர் அப்பளம் மாதிரி பொடிந்து கொட்டியது. "எம்மா, மோட்டாரு, பிரிட்ஜி, வாசிங் மிசினு அல்லாம் ஒரே ஒயர்ல ஓடிகினு கீது, இந்த ஊடு எரியாம நிக்கிறதே ஒங்க அம்மன் புண்ணியம்" என்றான். கழுத்தில் சிலுவை போட்டவன் வந்த பத்து நிமிஷத்தில் என் அம்மனைப் புகழ்ந்தால் நான் உஷாராக வேண்டாமா? அதோடு ஃபியூஸ் கட்டையில் ஆணி தடிமனுக்குக் கம்பி இருந்தது. யார் போட்டது என்று கேட்டான். உங்கப்பா பாடி ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் லேத்தில் நின்றவர், கரண்டெல்லாம் அத்துப்படி என்று சொல்லிக்கொள்பவர், ஃபியூஸ் போகும்போதெல்லாம் தடிக் கம்பியாகச் சுற்றியவர் அவர்தான், ஆனால் அப்போது மட்டும் மேலே பல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், அதற்காக யார் என்ன சொன்னாலும் தலையாட்ட மாட்டேன். நாலு நாள் யூடியூபில் உட்கார்ந்து எந்த மெஷினுக்கு எந்தத் தடிமன் ஒயர் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். ஏசிக்கு நாலு, சாக்கெட்டுக்கு இரண்டரை, விளக்குக்கு ஒன்றரை. புது ஒயர் சுருள்களை பீரோவில் பூட்டிவைத்து அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். கழற்றிய பழைய ஒயரில் செம்பு இருக்கிறதே, அது மூட்டையோடு நகர்ந்துவிடக் கூடாது என்று அதன் மேலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். பால்ராஜ் உங்கப்பாவைக் கூப்பிட்டு, "நைனா, ஒங்க ஊட்டம்மா மூட்டைய அடை காக்குறாங்கோ, எப்ப குஞ்சு பொரிக்கும்னு கேளு" என்றான். உங்கப்பா சிரித்தார். நான் அவரைப் பார்த்த பிறகு நிறுத்தினார்.

அவனைப் பற்றி ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். புது பாக்ஸில் லீக் ஆனால் கரண்டை நிறுத்துகிற ஸ்விட்ச் ஒன்று வைத்தான், டி என்று போட்ட பொத்தானை அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும், மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும். அது மறுநாளே மூன்று முறை தானாக விழுந்தது. மட்டமான சரக்கை என் தலையில் கட்டிவிட்டாய் என்று சத்தம் போட்டேன். அவன் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, மாவு கிரைண்டரைக் காட்டி, "இத்த தொட்டா ஒனக்கு சுருக்குனு இஸ்க்கலையாமா?" என்று கேட்டான். இழுக்கும், மூன்று வருஷமாக இழுக்கும், நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை சாப்பிட்டேன், வேப்பிலை மந்திரித்தேன், உனக்கும் தெரியும். கிரைண்டர் உள்ளே கரண்டு கசிந்திருக்கிறது. "எர்த்து இல்லாத ஊட்ல ஈரக் கையோட மாவு அரைச்சிகினு இருந்திருக்க, கெட்டிக்காரிதான் போ" என்றான். அதற்குப் பிறகு அவன் சொல்வதில் பாதியை நம்புகிறேன். அதனால்தான் நேற்று அவன் சொன்ன ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த வார்த்தைக்கு முன்னால் உன் லிஸ்ட்டைப் பற்றிச் சொல்கிறேன். கீழே நடக்கிற வேலையெல்லாம் என் கணக்குக்குள் வந்தது. மாடி அறைக்கு மட்டும் நீ தனியாக ஒரு பாயிண்ட் லிஸ்ட் போட்டு அவன் ஃபோனுக்கு அனுப்பியிருக்கிறாய். ஏசிக்குத் தனி லைன், மேஜைக்கு நாலு சாக்கெட், இன்டர்நெட்டுக்குப் பைப், கெட்டிலுக்கு ஒன்று, கட்டில் தலைமாட்டில் படிக்கிற விளக்கு. கேட் பக்கத்தில் வண்டி சார்ஜ் போட ஒரு பாயிண்ட். உங்கப்பாவுக்கு சைக்கிள், எனக்கு ரெண்டு கால், பிறகு எந்த வண்டி என்று கேட்டேன். மாடியை ஐ.டி. ஆட்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று யுவராணி சொல்கிறாள் என்றார் உங்கப்பா. வாடகை என்றால் தனி மீட்டர் வேண்டாமா? பால்ராஜைக் கேட்டேன், தனி மீட்டர் பேச்சே இல்லை என்றான். ஓட்டுக் கொட்டகையைப் பிரித்துக் கட்டிய நாளிலிருந்து கரண்டு பில்லை யூனிட் யூனிட்டாக எழுதுகிற என் வீட்டில், ஒருவர் ஏசி ஓட்ட இன்னொருவர் பில் கட்டுவதா? உங்கப்பாவுக்குப் பொய் சொல்ல வராது, பாவம். சொன்னதும் துடைப்பத்தை எடுத்து இல்லாத தூசியைக் கூட்ட ஆரம்பித்துவிட்டார்.

நேற்று மாடியில் சுவரைக் கொத்திக்கொண்டு இருந்தான். படிக்கிற விளக்குக்காகக் கட்டிலுக்கு இடது பக்கம் மட்டும் கொத்தியிருந்தது. அந்தப் பக்கம் மறந்துவிட்டாயா, அளவு தப்பா, ஒயரை மிச்சம் பிடிக்கிறாயா என்று பிடித்துக்கொண்டேன். "அட இன்னாமா நீ, நாங்க எப்பவும் ரெண்டு சைடும்தான் குடுப்போம், படுக்கறவங்க ரெண்டு பேராச்சே. மேடம்தான் ஒரு சைடு போதும், அந்தாண்ட செவுத்துல பீரோ வரும்னுச்சு" என்றான். அவன் பாட்டுக்குச் சொல்லிவிட்டு உளியை எடுத்துக்கொண்டான். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ராணி, ஏப்ரல் மாதத்திலிருந்து உன்னிடம் மாப்பிள்ளை எங்கே என்று பதினோரு முறை கேட்டிருக்கிறேன். காலண்டர் தாளில் குறித்து வைத்திருக்கிறேன். ஏழு முறை தூங்கினார், மூன்று முறை குளித்தார், ஒரு முறை கடைக்குப் போனார். வருஷப் பிறப்புக்குக்கூட உதயகுமார் எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீ அங்கே தனியாகத்தான் இருக்கிறாய் என்று நினைக்கிறேன். ஆவணியில் நீ இங்கே வந்துவிடப் போகிறாய், வந்து மாடியில் இருந்துகொண்டு வேலை பார்க்கப் போகிறாய், அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இதுதான் என் சந்தேகம். தப்பாக இருந்தால் ஃபோன் போட்டு என்னைத் திட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

தப்பில்லை என்றால், என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை என்று ராத்திரி முழுக்க உங்கப்பா மேல் கோபம், உன் மேல் கோபம். விடிந்ததும் அந்தக் காலண்டர் தாள்களை எடுத்துத் தேதி பார்த்தேன். பக்கத்து வீட்டு ரேணுகாவின் பெண் ஸ்வாதி புருஷனை விட்டுவிட்டு வந்துவிட்டாள் என்று நான் உனக்குச் சொன்னது ஜூன் பதினேழு. பெட்டியோடு வந்து நிற்கிறாள், இனிமேல் ரேணுகா கோயிலுக்கு எந்த முகத்தோடு வருவாள், அவளுடைய இரண்டாவது பெண்ணுக்கு யார் வரன் கொடுப்பார்கள் என்று நான்தான் சொன்னேன், சிரித்துக்கொண்டே சொன்னேன். நீ மீட்டிங் என்று வைத்துவிட்டாய். வீடு முழுக்க ஒயரிங் என்று நீ அப்பாவிடம் ஆரம்பித்தது ஜூன் இருபத்து நாலு. நடுவில் ஏழு நாள். யார் யார் மேலோ சந்தேகப்பட்டு, ஆசிக் கவரைப் பிரிப்பானா என்றுகூட யோசித்தவள், என் வாயைச் சந்தேகப்படவில்லை.

இன்று காலை ரேணுகா வீட்டுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு போனேன். கேட்டிலேயே வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. தெரு முழுக்க நான் பேசியது அவள் காதுக்கும் போயிருக்கும். பின்னால் ஸ்வாதி நின்றுகொண்டு இருந்தாள். உள்ளே போ என்று அவள் அம்மா சொல்லியும் போகாமல், "எப்ப ஆன்ட்டி உங்க ஊட்ல ட்ரில்லு சத்தம் நிக்கும், நான் கால்ல பேசவே முடியல" என்று என்னிடமே கேட்டாள். அடுத்த வாரம் நிற்கும் என்றேன். அவளிடம் வேறு பேச்சுப் பேச இனிமேல்தான் பழக வேண்டும்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று நான் இதில் கேட்கவில்லை. கை வைத்தாரா என்று மட்டும் கேட்கிறேன், அதற்கு மட்டும் ஆமாம் இல்லை என்று மறைக்காமல் சொல். மற்றதை நீ எப்போது சொல்கிறாயோ அப்போது கேட்டுக்கொள்கிறேன். அவர் தரப்பில் ஏதாவது நியாயம் இருந்தால் அதையும் கேட்பேன், ஆனால் உன்னைத் திரும்பிப் போகச் சொல்வதற்காகக் கேட்க மாட்டேன். அம்மன் சன்னதியில் நின்று சொல்கிறேன். ஊரில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்று நீ கவலைப்படாதே, வீட்டில் ஒயரிங் வேலை, பார்க்க வந்திருக்கிறாள் என்பேன். இரண்டு மாதத்துக்கு அது தாங்கும். அதற்கு மேலும் கேட்டால் அவர்கள் வீட்டு விஷயம் நானும் நாலு கேட்பேன், என்னிடம் இல்லாத விவரமா?

சில விஷயம் கவனமாகக் கேள். தனியாக இருந்தால் ராத்திரி ஹீட்டரை அணைத்துவிட்டுப் படு, ஒரே பிளக்கில் ரெண்டு மூணு மெஷினைச் சொருகாதே. உன் பேரில் இருக்கிற பாங்க் கணக்கு உன் பேரில் மட்டும்தான் இருக்கிறதா என்று பார். நகையை எங்கே வைத்திருக்கிறாய் என்று யாரிடமும் சொல்லாதே, எனக்கும் எழுதாதே. ஒழுங்காகச் சாப்பிடு, நீ வீடியோவில் முகத்தை மட்டும் காட்டுகிறாய், கழுத்தெலும்பைக் காட்ட மாட்டேன் என்கிறாய்.

வியாழக்கிழமை பதினாலாம் தேதி கொத்தனார் பூச வருகிறார். கடிதம் உனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்துவிடும். அவர் பூசுவதற்குள் ஃபோன் போடு, அப்பாவின் ஃபோனுக்கு அல்ல, என் ஃபோனுக்கு. கட்டிலுக்கு வலது பக்கச் சுவரைத் தொடக் கூடாது என்று பால்ராஜிடம் சொல்லிவிட்டேன். நீ கொடுத்த லிஸ்ட்படியே இருக்கட்டும், அதை மாற்ற நான் யார். ஒன்று மட்டும் உன்னைக் கேட்காமல் சேர்த்துவிட்டேன். மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச், எதில் போட்டாலும் எரியும், எதில் அணைத்தாலும் அணையும். எதுக்கும்மா, ராத்திரியில நீதான் மேல ஏறவே மாட்டியே என்று பால்ராஜ் கேட்டான். இனிமேல் ஏறுவேன், நீ வேலையைப் பார் என்று சொன்னேன். நேற்று சாயங்காலமே ஒயர் இழுத்துவிட்டான், பல்பு மாட்டி நானே போட்டுப் பார்த்தேன், எரிகிறது.

கருமாரி உன் கூடவே இருந்து, நீ ஏறுகிற விமானத்தைப் பத்திரமாக இறக்கிவைப்பாள். உடம்பையும் மனதையும் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா
ம. சாமுண்டீஸ்வரி