நிறுத்திப் பார் என்று சொன்னேன்

ஜூலை 7, திங்கள்

காற்று. துணை சுகாதார நிலையத்துக் கதவைச் சாத்தியும் மேசையெல்லாம் மண். செய்ய வேண்டியவை: கர்ப்பிணிகள் பட்டியல், தடுப்பூசிப் பெட்டி கழுவுதல், இரும்புச்சத்து மாத்திரை கேட்டு எழுதுதல்.

பெட்டியை மூடினேனா என்று பாதி வழியிலிருந்து மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. நெஞ்சு படபட. ஈசிஜி போன மாதமே எடுத்தாயிற்று, கோளாறு இல்லை. பிறகுதான் மதுரையில் மனநல டாக்டர். திண்டுக்கல்லில் என்றால் யாராவது பார்த்துவிடுவார்கள். ஐந்து நிமிடம் பேசினார், மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இன்று அந்தப் பெயரைப் போனில் தேடினேன். மனச்சோர்வு மருந்தாம். எனக்கு எங்கே சோர்வு? பயம்தானே? அங்கேயே கேட்டிருக்கலாம். இருபது வருட நர்ஸ், வாய் வரவில்லை. வீட்டுக்காரரிடம் சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்றோடு நிறுத்தம்.

ஜூலை 9, புதன்

ஊசி நாள். பதினோரு குழந்தைகள். தலையைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே ஷாக் அடித்தாற்போல ஒரு வெட்டு. காலையில் சாப்பிடவில்லை என்று நிலையத்து ஆயாவிடம் பொய்.

ஜூலை 11, வெள்ளி

வீடு வீடாக. மகேஸ்வரிக்குத் தலைப்பிரசவம், பிள்ளைக்கு மூன்று மாதம். முதல் மாதம் முழுக்கப் பிள்ளையை யாரிடமும் தரமாட்டாள், கண் மூடமாட்டாள். திண்டுக்கல் டாக்டர் கொடுத்த மாத்திரையில்தான் தேறினாள். இன்று அதை எடுத்துக் காட்டினாள். என் மாத்திரை. அதே அட்டை.

"நர்சக்கா, எங்க அத்தை இது பைத்தியத்துக்குக் குடுக்குறதுங்குறாக. நிறுத்திரவா?"

டாக்டரைக் கேள் என்று சொல்லியிருக்க வேண்டும். பி.பி. மாத்திரையை ஒரு நாள் விட்டவர்களைக்கூட ஏசுகிறவள் நான்.

"நல்லாத்தான இருக்கே. நிறுத்திப் பாரு மகேசு."

நிறுத்தியதில் எனக்கு ஒரு துணை வேண்டியிருந்தது. வேறு காரணம் இல்லை. எழுதவே கூசுகிறது.

ஜூலை 23, புதன்

மகேஸ்வரி ஊசிக்கு வரவில்லை. மதியம் அவள் மாமியார் போன். "நர்சம்மா, கதவத் தாழ்ப் போட்டுக்கிட்டு உள்ளயே இருக்கா. பிள்ளையத் தொட விடல. நேத்துலேருந்து ஒரு வாய் சோறு எறங்கல. செத்த வந்துட்டுப் போங்க."

என் குரல் கேட்டுத் திறந்தாள். பிள்ளையை மார்போடு இறுக்கியபடி. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, பால் குடிக்கிறது.

"வெளிய காத்து அம்புட்டு அடிக்குதுக்கா. பிள்ளைக்கு மூச்சு முட்டிரும்."

மாமியார் வாசலை மறித்து நின்றார். "மாத்திரைய விட்டதுலேருந்துதான் இப்படி. நீங்கதான் விடச் சொன்னீகளாமே?"

"இல்ல. டாக்டரக் கேக்கச் சொன்னேன்."

மகேஸ்வரி என்னைப் பார்த்தாள்.

உடனே ஆட்டோ பிடித்து அவளுடைய திண்டுக்கல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். "நானாத்தான் விட்டேன்" என்றாள் மகேஸ்வரி. பக்கத்தில் நின்ற நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 24, வியாழன்

லீவு. மதுரை. கேட்டேவிட்டேன். "எனக்குத் துக்கமெல்லாம் இல்ல டாக்டர். இத ஏன் எழுதுனீங்க?"

"பயத்துக்கும் இதே மாத்திரைதாம்மா. வேலை செய்யக் கொஞ்ச வாரம் ஆகும். அன்னைக்கே நான் வெளக்கியிருக்கணும், தப்புதான். ஆனா நீங்க எங்கிட்டக் கேக்காம நிறுத்தலாமா? நர்சு வேற."

தலையில் வெட்டு வருவது திடீரென விட்டதால்தானாம். மறுபடி குறைந்த அளவில் தொடக்கம். இரண்டு நிமிடக் கேள்வி. அதைக் கேட்க வெட்கப்பட்டு ஒருத்தியை எங்கே கொண்டுபோய் விட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

மகேஸ்வரி வீடு. மாமியாரையும் உட்காரச் சொன்னேன்.

"விடச் சொன்னது நான்தான். அன்னைக்கு ஒங்ககிட்டப் பொய் சொன்னேன். இதே மாத்திரைய நானும் சாப்பிடுறேன்."

"நீங்களுமா?" மாமியார் உட்கார்ந்தபடியே கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

மகேஸ்வரி தலை நிமிரவில்லை. "வெவரம் தெரிஞ்சவுகன்னுதானக்கா ஒங்களக் கேட்டேன்."

அவள் டாக்டருக்கும் போன் செய்து உண்மையைச் சொன்னேன். "ம்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடமும் எல்லாம் சொன்னேன். அவர், "அதான் பூட்ட மூணு வாட்டி இழுத்து இழுத்துப் பாக்குறியா? எங்கிட்டச் சொன்னா என்ன?" அழுதேன்.

ஜூலை 30, புதன்

ஊசி நாள். வெளியே பத்துப் பதினைந்து தாய்மார். வரிசையில் மகேஸ்வரி. முகம் வாடித்தான் இருக்கிறது, ஆனால் பிள்ளை மாமியார் கையில்.

முறை வந்தது. பிள்ளையின் தடுப்பூசி அட்டையை நீட்டினாள். எல்லாருக்கும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"நர்சக்கா, இன்னைக்கு மாத்திர போட்டீகளா?"

ஆயா திரும்பினாள். வரிசையே திரும்பியது. காது கொதித்தது எனக்கு.

"போட்டுட்டேன். நீயி?"

"போட்டேன்."

பிள்ளையின் தொடையைத் துடைத்து ஊசி போட்டேன். வீல் என்று அழுதது.