ஒரு கட்டை கீழே

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
14.5.1990

அன்புள்ள அண்ணனுக்கு,

புஷ்பவல்லி எழுதுகிறேன். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் கிழித்துப் போடாமல் பிரித்தீர்களே, அதற்கே நன்றி. நான் சுகம். இராஜம்மா அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தோட்டத்து ஆபீசில் உங்களுக்கு இன்னும் இரண்டு வருடம்தான் வேலை என்று அய்யாவு சொன்னார். தபேலா அடிக்க வந்தால் ஊர்ச் செய்தி எல்லாவற்றையும் சேர்த்து அடித்துவிட்டுப் போகிறவர் அவர். உங்களுக்குத் தெரியாததா.

என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருடமாகிறது. காரியத்தன்று நீங்கள் வாசல் வரைக்கும் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. குறைதான், ஆனால் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் மறுபடி பாடுகிறேன். மஸ்ஜித் இந்தியா தெருவில் கேசட் கடை வைத்திருக்கும் பழனியப்பன் தீபாவளிக்கு என் பெயரில் ஒரு கேசட் போடுகிறார். எட்டுப் பாட்டு. எல்லாவற்றுக்கும் கீபோர்டும் தாள மெஷினும்தான் என்றார். இசை அமைக்கிறவர் பெயர் பாலன். முப்பது வயது இருக்கும். ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் பகலில் வேலை, மாலையில் இசை. நாலு பாட்டு பாடி முடித்துவிட்டேன். அண்ணா, அந்த மெஷின் எனக்காக ஒரு மூச்சு நேரம் நிற்க மாட்டேன் என்கிறது. நான் தடுமாறினாலும் அது பாட்டுக்கு டிக் டிக்கென்று போய்க்கொண்டே இருக்கிறது. ‘வாடகை வீடு’ என்று ஒரு பாட்டு. மேலே போகிற இடத்தில் குரல் உடைந்துவிட்டது.

“இன்னொரு தடவ பாடிடுறேன் தம்பி” என்றேன்.

“வேணாம் ஆன்டி. இப்படியே நல்லாருக்கு லா” என்று சொல்லி அதையே வைத்துக்கொண்டார். கேலியா, பாராட்டா என்று எனக்கு விளங்கவில்லை.

மீதி நாலு பாட்டும் கிடார், தபேலாவோடு நம் பழைய முறையில் இருந்தால்தான் கேசட், இல்லாவிட்டால் வேண்டாம் என்று பழனியப்பனிடம் சொல்லிவிட்டேன். “என்னம்மா இது, சாம்பாரையும் ஐஸ்கிரீமையும் ஒரே தட்டுல கேக்கிறீங்க” என்று தலையில் கை வைத்துக்கொண்டு சம்மதித்தார். ‘துறைமுகத்து விளக்கே’யை மறுபடி பாடப் போகிறேன். அறுபத்தொன்பதில் ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் கிள்ளான் பஸ் ஸ்டேஷனில் ஆட்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்பார்கள். அதன் கிடார் முன்வாசிப்பை உங்களைத் தவிர வேறு யார் வாசித்தாலும் பொருந்தாது.

வருவீர்களா?

உங்கள் தங்கை,
புஷ்பம்



கேரி தீவு
23.5.1990

அன்புத் தங்கை புஷ்பத்துக்கு,

கிழிக்கவில்லை. அண்ணி பக்கத்திலேயே நின்றாள். கிழித்திருந்தால் அன்று எனக்குச் சோறு கிடைத்திருக்காது. அவள் முழங்கால் மழை நாளில் மட்டும் வலிக்கிறது. இங்கே எல்லா நாளும் மழை நாள்தான்.

நீ பாடுவது சந்தோஷம். ஆனால் செந்தூல் கச்சேரியில் நடந்ததை எழுதாமல் இந்தக் கடிதத்தை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எழுபத்தெட்டில் அந்த மண்டபத்தில் உனக்குத் தொண்டை சரியில்லை. காய்ச்சல் வேறு. உனக்குக் கஷ்டமாக இருக்கக்கூடாதென்று நான் சுருதியை அரைக் கட்டை இறக்கி வாசித்தேன். நீ பாட்டை நிறுத்திவிட்டு மைக்கிலேயே கேட்டாய்: “யாரக் கேட்டு எறக்கினீங்க? எனக்கு இன்னும் வயசாகல.” அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் கிடாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பஸ் பிடித்தேன். நம் குழு அன்றோடு முடிந்தது. பிறகு ஒரு வார்த்தை உன்னிடமிருந்து வரவில்லை. நானும் எழுதவில்லை. உன் வீட்டுக்காரர் மட்டும் ஒரு தடவை இங்கே வந்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டு, எதுவும் பேசாமல் போனார். நல்ல மனிதர். அவர் காரியத்தன்று உள்ளே வர எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

கிடாரைத் தொட்டு நாலு வருடமாகிறது. கம்பியெல்லாம் துரு. விரல் என்ன நிலைமை என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அண்ணன்,
ரெங்கசாமி



பிரிக்ஃபீல்ட்ஸ்
4.6.1990

அன்புள்ள அண்ணனுக்கு,

செந்தூலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்தேன்.

ஜூன் 30, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு ரெக்கார்டிங். முதல் நாள் சாயங்காலம் என் வீட்டில் ஒத்திகை. ஸ்காட் ரோட்டில் அதே மாடி வீடு, அதே செங்குத்துப் படி. புதுக் கம்பி ஒரு செட் வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பழைய அளவுதானே?

தங்கை,
புஷ்பம்



பிரிக்ஃபீல்ட்ஸ்
3.7.1990

என் அன்பு அண்ணனுக்கு,

நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகு அழுதேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. அந்த வயதில் ‘துறைமுகத்து விளக்கே’யின் சரணத்தை, அதே அஞ்சரைக் கட்டையில், முப்பது வயதில் பாடிய மாதிரிப் பாடினேனே! பார்த்தீர்களா? தொண்டை கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை. தண்ணீர் மாதிரிப் போனது. வெள்ளிக்கிழமை ஒத்திகையில் எனக்குள் பயம்தான். மேல் இடம் வரும்போதெல்லாம் இருமல் வந்த மாதிரி நடித்தேன். ஆனால் மறுநாள் நீங்களும் அய்யாவும் வாசிக்க ஆரம்பித்ததும் பயம் பறந்துவிட்டது. மெஷினோடு பாடியது ஏன் உடைந்தது, உங்களோடு பாடியது ஏன் உடையவில்லை? கம்பிக்கும் தோலுக்கும் உயிர் இருக்கிறது, அண்ணா. அதுதான்.

பாலன் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். உங்கள் வாசிப்பில் மயங்கிவிட்டார் போல.

அண்ணி கொடுத்தனுப்பிய முறுக்கு தீர்ந்துவிட்டது. பாதியை அய்யாவு தின்றார்.

உங்கள்,
புஷ்பம்



பிரிக்ஃபீல்ட்ஸ்
24.9.1990

அன்புள்ள அண்ணனுக்கு,

கேசட் இரண்டு அனுப்பியிருக்கிறேன். அட்டையில் என் படத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பழனியப்பன் என் கன்னத்துக்கு ரோஸ் கலர் அடிக்கச் சொல்லியிருக்கிறார். உள்ளே ‘கிடார்: ரெங்கசாமி’ என்று பெரிய எழுத்தில் போட வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஒருவர் எழுதியிருக்கிறார். “ஏ பக்கத்தில் பாடுவது ஒருவர், பி பக்கத்தில் பாடுவது இன்னொருவர் போலிருக்கிறது. பழைய ஜரிகைக் கரையையும் புதிய சட்டையையும் சேர்த்துத் தைத்தது போல ஒட்டவில்லை” என்கிறார். கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். ஒட்டாததற்குக் காரணம் அந்த மெஷின்தானே? நம் பக்கம் எங்கே குறை?

நல்ல செய்தி இனிமேல்தான். அக்டோபர் 13, சனிக்கிழமை, கிள்ளானில் தீபாவளிக் கலைநிகழ்ச்சி. என்னைத்தான் கடைசியில் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். எண்ணூறு நாற்காலியாம். கிள்ளான் குழு ஒன்று வாசிக்கிறது, எல்லாரும் புதியவர்கள். “என்ன சுருதி அக்கா?” என்று கேட்டார்கள். “கேசட்டில் உள்ள மாதிரிதான். அஞ்சரை” என்றேன். வாயைப் பிளந்தார்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அண்ணியோடு கட்டாயம் வர வேண்டும்.

உங்கள்,
புஷ்பம்



கேரி தீவு
1.10.1990

அன்புத் தங்கை புஷ்பத்துக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு நான்காவதாக எழுதுகிறேன். பொறுமையாகக் கடைசி வரை படி.

கேசட்டில் நீ பாடியது அஞ்சரை இல்லை. நாலரை.

ஒத்திகை நாளில் நான் வந்தபோது நீ உள்ளே தனியாகப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாய். படியிலேயே நின்று கேட்டேன். சரணத்தில் மேலே போகிற இடத்தில் ஐந்து தடவை நின்றாய். ஆறாவது தடவை போகவே இல்லை. பிறகு உள்ளே வந்தேன், நீ காப்பி கொடுத்தாய், இருமினாய். நான் எதையும் கேட்காதது போல இருந்துவிட்டேன். அன்று இரவு அய்யாவு வீட்டில் தங்கினேன் இல்லையா? அங்கே பேசி முடிவு செய்தோம். மறுநாள் நீ வருவதற்கு முன்பே ஸ்டுடியோவில் ஆறு கம்பியையும் ஒரு கட்டை இறக்கினேன். அய்யாவு வீட்டிலிருந்து வேறு தபேலா கொண்டுவந்தார். பாலன் கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அங்கிள், எறங்கியிருக்கு” என்றார். “தெரியும். சொல்லாதீங்க தம்பி” என்றேன். அவர் மயங்கவில்லை. எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

உன் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை. ஜூலையில் உன் கடிதம் வந்தபோதும் சொல்லவில்லை. சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எண்ணூறு பேர் முன்னால், உன்னை அறியாத ஆட்கள் அஞ்சரையில் வாசிக்கப் போகிறார்கள். அங்கே உனக்கு உதவ யாரும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கேசட்டை நாலைந்து நாளாகக் கேட்கிறேன். ஏ பக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் அதில் நாங்கள் இரண்டு பேரும் உன்னைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம். நீ மூச்சு விடும் இடத்திலெல்லாம் நான் நிற்கிறேன், அய்யாவு நிற்கிறார். பி பக்கத்தில் மூன்று பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை, தகர டப்பா சத்தம். ஆனால் ‘வாடகை வீடு’ இருக்கிறதே, புஷ்பம், அதில் குரல் உடைகிறது. மெஷின் நிற்காமல் போகிறது. நீ உடைந்த குரலோடு அதன் பின்னாலேயே போய் அதைப் பிடிக்கிறாய். அண்ணி சமையல் வேலையை விட்டுவிட்டு வந்து, “இது நம்ம புஷ்பமா?” என்று கேட்டாள். அந்த எட்டுப் பாட்டில் இன்றைய புஷ்பம் இருப்பது அந்த ஒன்றில்தான்.

இரண்டாவது தடவையும் உன்னைக் கேட்காமல் இறக்கினேன். இனிமேல் நீ எழுதாவிட்டாலும் நான் குறை சொல்ல முடியாது. நாங்கள் கிள்ளானுக்கு வரவில்லை. என் முகத்தைப் பார்த்தால் நீ பிடிவாதத்துக்காகவே அஞ்சரையில் பாடுவாய்.

அண்ணன்,
ரெங்கசாமி



பிரிக்ஃபீல்ட்ஸ்
18.10.1990

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் நாலாம் தேதியே கிடைத்தது. பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

நம்பவில்லை. கேசட்டை எடுத்துக்கொண்டு டாக்சி பிடித்து ஷா ஆலத்தில் பாலன் வீட்டுக்கே போனேன். பாலன் கேசட்டை ஓடவிட்டு, கீபோர்டில் நாலரையை அமுக்கினார். அமுக்கிய விரலை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

“சாரி ஆன்டி.”

“அப்ப எல்லாருக்கும் தெரியும். நான் ஒருத்திதான் முட்டாள்.”

அவர் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்தார். குடிக்காமல் வந்துவிட்டேன். அந்தப் பெண் என்ன பாவம் செய்தது?

கிள்ளான் குழுவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் வரவில்லை என்றாலும் உங்கள் மேல் உள்ள பிடிவாதம் என்னோடு மேடை ஏறியது. அஞ்சரையில் ஆரம்பித்தார்கள். பல்லவி போனது. சரணம் வந்தது. மேலே போனேன், அங்கே குரலே இல்லை அண்ணா. காற்றுதான் வந்தது. குழு நின்றுவிட்டது. எண்ணூறு பேர். ஒரு குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு கிடார் வாசிக்கிறவரைத் திரும்பிப் பார்த்து, மைக்கிலேயே சொன்னேன்: “தம்பி, ஒரு கட்டை எறக்குங்க.” பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். “சிரிங்க சிரிங்க, வயசாயிருச்சுல்ல” என்றேன். அதற்கு மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை. ஆனால் அன்று செந்தூலில் உங்களுக்கு எப்படி வலித்திருக்கும் என்று அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. அன்று நான் சொன்னது தப்பு. என்னைத் தூக்கி வளர்த்த அண்ணனை ஊர் முன்னால் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னித்துவிடுங்கள்.

நாலரையில் பாடி முடித்தேன். பிறகு, பழனியப்பன் மெஷினோடு வரச் சொல்லியிருந்த பாலனை மேடைக்குக் கூப்பிட்டு, மெஷினை வைக்கச் சொல்லி ‘வாடகை வீடு’ பாடினேன். அது உடைகிற இடத்தில் உடைந்தது. நான் தொடர்ந்து போனேன். முடிந்ததும் மீன் சந்தையில் வேலை பார்க்கிற ஒரு அம்மா மேடைக்குப் பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நாங்க இதுவரைக்கும் ஒம்பது வீடு மாறிட்டோம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். பழைய பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது என் பங்குக் கோபம். நான் சந்தோஷப்பட வேண்டும் என்பதற்காக என்னை ஏமாற்றினீர்கள். மூன்று மாதம் நான் ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன். இனிமேல் என்னிடம் கேட்டுவிட்டு இறக்குங்கள். நான் சண்டை போடுவேன். சண்டை முடிந்த பிறகு இறக்குங்கள்.

கேசட் ஒரு மாதிரியாகத்தான் போகிறதாம். பழைய ஆட்களுக்கு பி பக்கம் வேண்டாம், இளசுகளுக்கு ஏ பக்கம் வேண்டாம் என்று பழனியப்பன் புலம்புகிறார். புலம்பட்டும்.

பன்னிரண்டு வருடத்தில் உங்கள் வீட்டுக்கு நான் ஒரு தடவைகூட வந்ததில்லை. நேற்றுத் தீபாவளிக்குத் தனியாக உட்கார்ந்து இட்லி தின்றபோது அது ஞாபகம் வந்தது. 28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பாட்டைப் பற்றிப் பேச இல்லை, சாப்பிட. கிள்ளான் வரை வழி தெரியும். அதற்குப் பிறகு எந்த பஸ், எங்கே இறங்குவது என்று எழுதுங்கள்.

தங்கை,
புஷ்பம்



கேரி தீவு
22.10.1990

அன்புத் தங்கை புஷ்பத்துக்கு,

உன் கோபம் நியாயம். வா, நேரில் வந்து திட்டு.

கிள்ளான் பஸ் ஸ்டேஷனில் பந்திங் போகிற பஸ்ஸில் ஏறு. தெலோக் பங்ளிமா காராங் சந்திப்பில் இறக்கிவிடச் சொல்லி ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லிவிடு. இல்லாவிட்டால் தாண்டிப் போய்விடுவான். முன்பக்கம் உட்கார், வெயில் படாது. அண்ணி நண்டு வாங்கச் சொல்லியிருக்கிறாள். உனக்கு இன்னும் நண்டு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அதற்கு என்னைத் திட்டினாள். கோழியும் வாங்குகிறோம்.

அங்கிருந்து தீவுக்குள்ளே வர பஸ் கிடையாது. பக்கத்து வீட்டு முத்துக்கருப்பனின் காரைக் கேட்டிருக்கிறேன். பத்து மணி பஸ் சில நாள் ஒன்பதரைக்கே வந்துவிடும். நான் ஒன்பது மணியிலிருந்து சந்திப்பில் நிற்பேன்.

அண்ணன்,
ரெங்கசாமி