ஜோமோள் வட்டம் போடாத காய்கள்

சக்குபள்ளம்
புதன்கிழமை

அன்புள்ள மகன் சுஜினுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் இங்கே மூன்று பேரும் உடம்புக்குச் சுகம், கத்தார் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபமாலையில் உன்னைத்தான் முதலில் சொல்கிறேன். தினமும் போனில் பேசுகிறவள் இதென்ன காகிதத்தில் எழுதுகிறாள் என்று பதறாதே. போனை எடுத்தால் உன் தங்கச்சி ஜோமோள் வந்து ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், அவள் காதில் விழக் கூடாத பேச்சு இது. எழுதியதைப் பக்கத்து லயத்து வீட்டு ஜிஷாவிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

போன மாதம் ஜோமோள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பேப்பர் கொண்டுவந்தாள். மலையாளம் எனக்கு வாயில் வரும், எழுத்து தெரியாது. முன்னே வந்த பல் டாக்டர் பேப்பர் மாதிரியே இருந்ததால் பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அது புத்தியை அளக்கிற பரீட்சைக்குச் சம்மதமாம். வெள்ளிக்கிழமை வந்த அடுத்த பேப்பரை ஜிஷா வாசித்தபோதுதான் தெரிந்தது. பிள்ளைக்குப் புத்தி குறைவு, அறுபத்தெட்டுதான் என்று நம்பர் போட்டிருக்கிறது, வருகிற திங்கள் முதல் கட்டப்பனைக்கு அந்தப் பக்கம் விடுதியோடு இருக்கிற தனிப் பள்ளியில் விட வேண்டுமாம். எட்டு வயசு, என்னை விட்டு ஒரு நாள் இருந்ததில்லை.

அப்படி என்னடி கேட்டார்கள் என்று விசாரித்தேன். செடிப் படத்தைக் காட்டிக் காய்களுக்கெல்லாம் வட்டம் போடச் சொன்னார்களாம், பதினைந்தில் இவள் நாலுக்குத்தான் போட்டாளாம். ஏன் என்றால், மத்ததெல்லாம் பிஞ்சும்மா, அடுத்த எடுப்புக்கு விடணும்ல என்கிறாள். லீவு நாளில் நான் காய் எடுக்கிற ஏலக்காட்டுக்கு என்னோடு வருகிறவள், பிஞ்சைத் தொட்டால் கங்காணி என்ன கத்து கத்துவார் என்று பார்த்தவள். ஏன் விட்டாய் என்று பரீட்சை வைத்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். அவள் மெதுவாகத்தான் படிப்பாள், அதை நான் மறைக்கவில்லை, ஆனாலும் இது அநியாயம் சுஜின். அப்பா போய்க் கேட்டதற்கு என் கையெழுத்தையே எடுத்துக் காட்டினார்களாம். கம்பத்தில் சித்தி வீட்டில் விட்டுப் படிக்க வைக்கிறோம் என்றால், எங்கே போனாலும் இந்தப் பேப்பர் கூடவே வரும் என்றார்களாம். வந்ததிலிருந்து மனுஷர் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அந்த நம்பரைக் கேட்ட நாளிலிருந்து நானே அவளைச் சோதிக்கிறேன், சோறு போடும்போதும் தலை சீவும்போதும் எதையாவது கேட்கிறேன். நேற்று, அண்ணன் பேர் என்ன என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எதச் சொன்னா சரிம்மா என்று கேட்டாள்.

மறுபடி பரீட்சை வைக்கச் சொல்லி மலையாளத்தில் ஒரு மனு எழுதி வெள்ளிக்குள் அனுப்பு, உனக்கு எழுத்து தெரியும். இந்தத் தடவை ஜிஷாவை வரிக்கு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி போடு, மாதா உன் கூடவே இருப்பாள். ஜோமோளிடம் பேசும்போது மட்டும் எதையும் கேட்காதே. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காதே, நீயே ஏதாவது பேசிக்கொண்டிரு.

இப்படிக்கு,
உன் அம்மா புஷ்பமேரி