கசக்கி அனுப்பிய சட்டைகள்

இஸ்திரி போட்ட பருத்தித் துணியின் கரிச்சூட்டு வாசம் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் உன் ஞாபகம்தான்டி. கல்லூரிக்கு நீ கட்டிவரும் புடவையிலும் இதே வாசம் இருக்கும். இன்று காலை வாசத்தோடு பயமும் சேர்ந்து வந்தது.

என் மகனுக்கு வேலை போய்ச் சில மாதங்களாகிவிட்டன. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? வீட்டுக்கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கிறது. என் பென்ஷனையும் அவன் சேமிப்பையும் வைத்துத்தான் ஓட்டுகிறோம். சேமிப்பு முதலில் தீருமா, வேலை முதலில் கிடைக்குமா என்று விடிந்ததிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது.

நாம் இருவரும் ஒரே கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவர்கள். வருமானத்துக்கும் செலவுக்குமான கோட்டை நீ கரும்பலகையில் பூஜ்யத்துக்குச் சற்று மேலேயிருந்து ஆரம்பிப்பாய். "வருமானமே இல்லாதவங்க எப்படி மேடம் செலவு பண்ணுவாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். "பசிக்குமில்ல? இருக்கறதக் கரைப்பாங்க, இல்லாட்டி கடன் வாங்குவாங்க," என்றாய். பக்கத்து வகுப்பிலிருந்த எனக்கும் சிரிப்பு வந்தது. பூஜ்யத்துக்கும் கோட்டுக்கும் நடுவிலிருந்த அந்தச் சின்ன இடைவெளியில் நானே ஒருநாள் குடித்தனம் நடத்துவேன் என்று யார் கண்டார்கள்?

சம்பள நிலுவை வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட மறுநாளே தி.நகர் போய் ஆளுக்கொரு பட்டு எடுத்தோமே! பணம் கைக்கு வர அடுத்த வருஷமாயிற்று. நான் புலம்பியதற்கு, "கையில இருக்கற காசையா மனுஷங்க செலவழிக்கறாங்க? வரும்னு நம்பறதத்தான்டி செலவழிக்கறாங்க," என்றாய். இப்போது இந்த வீட்டில் அந்த நம்பிக்கைக்குத்தான் தட்டுப்பாடு. மாட வீதியில் அரைக்கிலோ வாங்கிய காய் கால்கிலோவாகிவிட்டது. மகன் சாயங்காலக் காபியை விட்டுவிட்டான்.

ஆனால் நான் அடித்த கூத்தைக் கேள். ஆபீஸ் சட்டைகள் போகாவிட்டால் தெருவுக்கே தெரிந்துவிடுமே என்று, அவன் போடாத சட்டைகளை நனைத்துக் கசக்கி, வாராவாரம் தெருமுனை இஸ்திரி வண்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். பாலில் மிச்சம் பிடித்து கௌரவத்துக்குச் செலவு! நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

இன்று மகன் பார்த்துவிட்டான். "இத நான் போடவே இல்லையேம்மா?" என்றான். என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. மூட்டையை வாங்கிக்கொண்டு, எல்லாரும் ஆபீஸ் கிளம்பும் நேரத்தில், அரை டிராயரோடு தெருவில் இறங்கினான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணா, எனக்கு வேல போயிடுச்சு. இனிமே துணி கம்மியாத்தான் வரும்."

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "இன்னா தம்பி, நீயுமா? ஆபீஸ் சட்ட குடுக்கிற வூடே கொறஞ்சிக்கினு போவுது. உங்க வூட்டு மூட்டதான் நிக்காம வந்துக்கினு இருந்துச்சு. அத நம்பித்தான் பொண்ண டியூஷன்ல சேத்துட்டேன்."

நான் கசக்கிய பொய்யை நம்பி இன்னொரு வீட்டில் ஒரு செலவு தொடங்கியிருக்கிறது.

மகன் ஒரு சட்டையை மட்டும் கொடுத்துவிட்டு மீதியைத் திருப்பிக் கொண்டுவந்தான். "அந்த ஒண்ணு இன்டர்வியூ வந்தா வேணும்மா," என்றான். நான் கட்டிக் கசங்கிய இரண்டு புடவைகளை எடுத்து வைத்திருக்கிறேன், நாளை நானே வண்டிக்குக் கொண்டுபோக. இந்தச் செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகுமா, தெரியவில்லை. பயம் அப்படியேதான் இருக்கிறது. வரும் என்று நம்பத்தான் பார்க்கிறேன்டி.