படல் கட்டியிருந்த முதல் அத்தியாயம்

திருப்பத்தூர்
12.11.1984

அன்புள்ள பாஞ்சாலை டீச்சருக்கு,

நலம்தானே? மலையில் குளிர் இறங்கியிருக்கும், காதை மூடிக்கொள்ளுங்கள்.

நாவல் போட்டிக்கு நீங்கள் அனுப்பப்போகும் முதல் அத்தியாயத்தை இரண்டு தரம் படித்தேன். மொழி உங்கள் பேச்சைப் போலவே நேராக இருக்கிறது. வரிசைதான் உதைக்கிறது. இப்படித் தொடங்குகிறீர்கள்:

‘காய்ச்சலில் நான் உள்ளே படுத்திருந்தேன். ஆடு நுழையாதிருக்க அப்பா வெளியே படலைக் கட்டிவிட்டு சாமைக் கொல்லைக்குப் போயிருந்தார். பெண் கேட்க வருவதாக வாத்தியார் சொல்லியனுப்பியது எங்களுக்கு வந்து சேரவில்லை. சொல்லியனுப்பிய நாளில் படல் கட்டியிருந்தால் சம்மதமில்லை என்று அர்த்தம். அவர் திரும்பிப் போய்விட்டார்.’

முடிச்சுப் போடுமுன்பே அவிழ்த்துவிட்டீர்களே! நாம் பையில் கையை விட்டபடி வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் எப்படி அடங்கிப் பார்ப்பார்கள்? பையைக் கவிழ்த்துவிட்டால் இரைச்சல்தான். காய்ச்சலை ஆறாம் அத்தியாயத்துக்குத் தள்ளுங்கள். ‘வாத்தியார்’ வேண்டாம், ‘அவர்’ போதும். சின்ன வாக்கியம், ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு செய்தி: ‘படல் கட்டியிருந்தது. கூரையில் புகை வந்தது.’ யார் உள்ளே என்று வாசகர் பக்கத்தைப் புரட்டுவார்.

அன்புடன்,
தசரதன்


ஜமுனாமரத்தூர்
20.11.1984

அன்புள்ள தசரதன் சாருக்கு,

காதை மூடிக்கொண்டுதான் எழுதுகிறேன். உங்கள் வீட்டு மங்கம்மாள் அக்கா காலமான பிறகு உங்கள் முழங்காலை யார் கவனிக்கிறார்கள்? அதை மட்டும் எழுத மாட்டீர்கள்.

உங்கள் இரண்டு வாக்கியமும் அழகு. ஆனால் நான் எழுதியதில் புகையே கிடையாதே, சார்? அடுப்பில் கஞ்சி வைத்திருந்தது நிஜம். அந்தப் புகையை வெளியே நின்றவர் மட்டும்தான் பார்த்திருக்க முடியும். உள்ளே இருந்துகொண்டே கட்டிவிட்டார்கள் என்று நினைத்துத்தானே இறங்கிப் போனீர்கள்?

நீங்கள் வந்து திரும்பியதை ஆடு மேய்க்கும் செல்லி சாயங்காலம் வந்து சொன்னதும் அப்பா தலையில் அடித்துக்கொண்டார்: “அய்யய்யோ, வாத்தியாரு வர்றாருன்னு யாருமே சொல்லலியே! இன்னா நெனச்சிக்கினு போனாரோ?” ஆள் அனுப்புகிறேன் என்றார். நான்தான் ரோஷத்தில், “வூட்டு முன்னாடி வந்து ஒரு கொரல் குடுக்கத் தெரியாத மனுசன் இன்னாத்துக்கு?” என்றேன். அடுத்த மாதம் உங்கள் கல்யாணப் பத்திரிகை வந்தது. நான் தனியாகவே இருந்துவிட்டேன்.

வரிசை தெரியாமல் எழுதவில்லை, சார். மறைத்துவைத்தால் வாசகர் காத்திருப்பார். நமக்கோ அறுபது ஆகப்போகிறது. இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் ஆறாம் அத்தியாயம் வரை காத்திருக்க வேண்டாமென்று முதல் பத்தியிலேயே போட்டேன். அவரோ சிவப்பு மையால் திருத்தி அனுப்புகிறார்!

அன்புள்ள,
பாஞ்சாலை


திருப்பத்தூர்
24.11.1984

அன்புள்ள பாஞ்சாலைக்கு,

முதல் தரம் படித்தபோது பாதிப் பத்தியில் காகிதத்தை மடித்துவைத்துவிட்டேன். இரண்டாம் தரம்தான் பேனா எடுத்தேன். வாத்தியாராக இருப்பது அப்போதைக்குச் சுலபமாக இருந்தது.

அத்தியாயம் உங்கள் வரிசையிலேயே போகட்டும். பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. பையைக் கவிழ்த்துவிட்டும் ஒருவனைப் பேச்சில்லாமல் உட்காரவைக்க முடியும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். முழங்காலுக்காகக் கண்டக்டரிடம் சொல்லி முன் சீட்டு பிடித்துக்கொள்வேன். இத்தனை வருடம் வகுப்பில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலைத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் கேட்டேன். இதற்கு எனக்குப் பதில் தெரியாது: மிச்ச நாளை நாம் ஒரே வீட்டில் கழிக்கலாமா?

கடிதத்தில் எழுதாதீர்கள். வந்து கேட்டுக்கொள்கிறேன்.

தசரதன்