நாற்பது டிகிரியோடு நிறுத்திவிட்டேன்

போடிநாயக்கனூர்,
வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள சின்ராசு அண்ணனுக்கு,

முத்துப்பிரியா அவசரமாக எழுதுவது. அண்ணியும் பிள்ளை பொன்னுமணியும் நலமா? இதைப் படிக்கும்போது நான் செய்து கொடுத்த அந்தச் செயற்கைக் கையை நீ மாட்டியிருந்தால், முதலில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை விட்டு வெளியே வா. காற்றில் நின்று சூடு தணியட்டும். விரல்களைத் திறந்து, எதையும் பிடிக்காமல் கழற்றிவிடு. பிடித்திருக்கும்போது சுவிட்சை அணைக்காதே, பிடி அப்படியே இறுகி நின்றுவிடும்.

மூன்று நாளாக உங்கள் மலையில் டவர் இல்லை. சென்னையிலிருந்து ராத்திரி ரயிலேறி ஓடி வந்தேன். முதல் ஜீப்பில் காய் எடுக்கப் போகும் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கு மேல் ஏற்றினால் செக்போஸ்டில் பிடிப்பார்களாம். டிரைவர் மொக்கச்சாமி, "இனி ஒரு ஆளுக்கு எடமில்ல ஆத்தா, கடுதாசிய வேணா குடு, கையில சேத்துர்றேன்" என்றார். அடுத்த ஜீப்பில் நானும் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை எங்கள் லேபில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன், கூறுகெட்டவள். "நான் நெனைக்க முன்னாடியே கை மூடிக்கிருது புள்ள, ஸ்டோருக்குள்ள போனா இன்னும் வெரசாப் பிடிக்குது" என்று சிரித்தாயே, நானும் சேர்ந்து சிரித்தேன். செவ்வாய்க்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

உன் தசையிலிருந்து வரும் மின்சாரம் மேலும் கீழுமாகத் துள்ளும் என்று சொன்னேன் அல்லவா? கீழே போவதையும் மேலே திருப்பிப் போட்டால்தான் எவ்வளவு பலம் கொடுக்கிறாய் என்று அளக்கலாம். அந்தத் திருத்திச் சுற்றுதான் என் சோலி. சாதாரண டயோடு அவ்வளவு சிறிய துள்ளலை மதிக்கவே மதிக்காது. என் சிப் மதிக்கும். அதில்தான் எனக்கு அத்தனை திமிர்.

ஆனால் சூடு ஏறினால் சிப்புக்குள் மின்கசிவு கூடுகிறது. நீ தசையை அசைக்காமல் இருந்தாலும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டிய அளவு மேலே எழும்புகிறது. அதை உன் பலம் என்று எடுத்துக்கொண்டு கை மூடுகிறது. கம்ப்யூட்டரில் சோதித்தபோது, மனுசன் உடம்பில் மாட்டுவதுதானே என்று நாற்பது டிகிரியோடு நிறுத்திவிட்டேன். நேற்று ஐம்பத்தைந்தில் ஓட்டிப் பார்த்தேன். முழுப் பலத்தோடு மூடுகிறது அண்ணே. காய் உலர்த்தும் அறையில் எத்தனை சூடு என்று யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிய வேண்டாமா? அந்தச் சூட்டில் காய் புரட்டித்தானே நாம் வளர்ந்தோம்!

முதலில் அறிக்கை போகட்டும், பிறகு சொல்லலாம் என்றார் எங்கள் மேலாளர். அவரிடம் சொல்லிக்கொள்ளாமல்தான் புறப்பட்டேன்.

மெசேஜின் கடைசியில் பொன்னுமணியை அந்தக் கையால் பிடித்துக்கொண்டு ஸ்டோருக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னாய். அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தங்கச்சி செய்த கை என்று வீம்பு பண்ணாதே. அண்ணி சொன்னால் கேள். நீ ஒற்றைக் கையோடு இருந்தாலும் எனக்கு அண்ணன்தான். பிள்ளைக்கு ரெண்டு கையும் இருக்கட்டும்.

ஜீப் புறப்படுகிறது.

உன் தங்கை,
முத்துப்பிரியா