சிவப்பு நாடா கட்டிய கம்புகள்

கச்சால் தீவு, நிக்கோபார்
தை மாதம், 2010

அன்பு மகள் புஷ்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பாண்டிச்சேரியில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மாரியம்மாதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பொங்கலுக்கு நீ இல்லையென்று அம்மா சின்னப் பானையோடு நிறுத்திக்கொண்டாள். கப்பல் தாமதம், அதனால் கடையில் வெங்காயமும் இல்லை, உன் கடிதமும் நேற்றுத்தான் வந்தது. கம்பெனி வேலை, காட்டிலாகா பரீட்சை, இல்லாவிட்டால் மேற்கொண்டு ஆராய்ச்சி என்று எழுதியிருக்கிறாய். இங்கே ஆளாளுக்கு உன் மகள் என்ன படிக்கிறாள், சூழலியல் படித்தால் டாக்டரா டீச்சரா என்று கேட்கிறார்கள். கடலும் மரமும் எப்படிப் பிழைக்கின்றன என்று பார்க்கிற படிப்பு என்றால், அதைத்தான் நாங்கள் சம்பளமில்லாமல் பார்க்கிறோமே என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உனக்கு ஆராய்ச்சிதான் ஆசை, அதற்கு உப்புத்தண்ணீர்ச் சேற்றில் வளர்கிற நம் கண்டல் மரக்கன்றுகளின் வளர்த்திதான் ஆதாரம் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதை எழுதக் கை வரவில்லை, போனில் சொல்லவும் வாய் வரவில்லை. புஷ்பா, கன்றுகள் போய்விட்டன.

சுனாமியில் பூமி இறங்கிக் கடல்தண்ணீர் ஏறிய பழைய லயத்து வீடுகள் பக்கம், போன லீவில் நீ கன்றுகளை ஊன்றி, சதுரம் சதுரமாக அளந்து கம்பு நட்டு சிவப்பு நாடா கட்டிவிட்டுப் போனாய், எது பிழைத்தது எது பட்டது என்று நானும் மாதாமாதம் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுனாமி நாளன்று வழக்கம்போல எல்லாரும் பால் ஊற்றப் போனோம். நம் ஆட்களில் பாதிப்பேருக்கு உடம்பே கிடைக்கவில்லை, புதைத்த இடம் என்று காட்ட ஒன்றும் கிடையாது, தண்ணீரில் ஊற்றிவிட்டுத் திரும்புவோம். இந்தத் தடவை தண்ணீர் நன்றாக வற்றிக் கம்புகள் வரிசையாகத் தெரிந்தன. புருஷனையும் பேரனையும் பறிகொடுத்த நம் பக்கத்து வீட்டுச் சொர்ணம்மா, முத்துவீரன் மகள் புஷ்பா, செத்தவங்களுக்கு ஆளுக்கொரு கம்பு நட்டு வச்சிருக்கா, மகராசி என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவ்வளவுதான், ஆளுக்கொரு கம்பைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் பூசினார்கள், பொட்டு வைத்தார்கள், கும்பிடுகிற இடம் சுத்தமாக இருக்க வேண்டுமென்று சுற்றியிருந்த கன்றுகளைக் களை பிடுங்குவதுபோலப் பிடுங்கினார்கள்.

இது அளவு பார்க்கிற இடம், கை வைக்காதீர்கள் என்று கத்திக்கொண்டு ஓடினேன். அதற்குள் அம்மா ஓரத்துக் கம்பின் முன்னால் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுனாமியில் உன் தம்பி போனதிலிருந்து அவள் அவன் பேரைச் சொன்னதே இல்லை, நாம் சொன்னாலும் எழுந்து போய்விடுவாள், உனக்கே தெரியும். அன்றைக்கு அந்தக் கம்பைக் கட்டிக்கொண்டு சுரேந்திரா, சுரேந்திரா, குளிருதாடா என்று கேட்டாள். அதற்குமேல் நான் யாரையும் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன். இப்போது வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு எடுத்துக்கொண்டு போகிறாள், வந்து ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிடுகிறாள். மறுபடி நட்டு வளர்க்க உனக்குக் காலம் இல்லை. துறைமுகம் கட்டுகிறவர்களுக்கு அறிக்கை எழுதிக் கொடுக்கிற அந்தக் கம்பெனி வேலை மனசுக்கு ஒட்டவில்லை என்று எழுதியிருந்தாயே, கடைசியில் அதற்குத்தான் போக வேண்டி வருமோ என்னவோ. ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேன் புஷ்பா.

என்னைத் திட்டிக் கடிதம் போடு, அம்மாவை மட்டும் ஒன்றும் கேட்காதே. வெயிலில் அலையாதே, தலைக்கு எண்ணெய் வை. எந்த வேலைக்குப் போனாலும் நீ நிமிர்ந்து நன்றாக இருப்பாய், எங்கள் ஆசி உண்டு. ஒன்றை மறக்காதே. கன்றுகள் என்ன ஆயின என்று உன் சார் கேட்டால் நடந்ததை அப்படியே சொல். அலை கொண்டுபோய்விட்டது என்று எழுதினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்தான். ஆனால் அப்படி எழுதாதே. உன் தம்பிக்கு ஆபீசில் அப்படி எழுதிக் கொடுத்த காகிதம் ஒன்று வீட்டில் இருக்கிறது, அது போதும்.

உன் அப்பா
முத்துவீரன்